டி.சி. வாங்கிய பிள்ளை

"ஏட்டி, நான் இப்ப எந்தக் காலேஜிலயும் இல்ல."

இராஜாக்கமங்கலம் போகும் பஸ்ஸில் முன் இருக்கைப் பெண் இப்படிச் சொன்னது பின்னால் இருந்த என் காதில் விழுந்தது.

அவள் பக்கத்தில் இருந்த தோழி சிரித்தாள். "திருநெல்வேலியில இருந்து நாகர்கோவில் காலேஜுக்கு மாறப் போறேன்னு சொன்னியே?"

"அம்மை தனியா இருக்கால்லா. அதுக்குத்தான் டி.சி. வாங்கினேன். அதுல டிரான்ஸ்பர்னுதானே போட்டிருக்கு! கொண்டு குடுத்தா சேத்துக்கிடுவாவன்னு நெனச்சேன்."

"பைத்தியாரி! அது பேர வெட்டிட்டுக் குடுக்கதுல்லா? மொதல்ல இங்க இடம் உண்டான்னு கேக்கணும். ரெண்டு காலேஜும் சம்மதிச்ச பொறவுதான் டி.சி."

"இங்க ரெண்டாம் வருசத்துல இடமே இல்லியாம். அங்கயும் திரும்பச் சேக்க மாட்டாவளாம்."

ஒன்பதாம் வகுப்போடு நின்ற நானும் டி.சி.யைக் கொடுத்தால் சேர்த்துக்கொள்வார்கள் என்றுதான் நினைத்திருப்பேன்.

தோழியின் சிரிப்பு நின்றுவிட்டது. "மக்கா, அம்மைட்ட சொல்லிட்டியா?"

"டிரான்ஸ்பர் கெடச்சாச்சுன்னு காலையிலயே போன்ல சொல்லிட்டேன். ஸ்டாப்புல வந்து நிக்கா."

பஸ் நின்றது. கீழே ஒரு அம்மாள், முகமெல்லாம் சிரிப்பாக, பெட்டியை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள்.