காயாத வார்னிஷ்

நான் தைத்த ரவிக்கையில் தையல் பிரிந்தது என்று இதுவரை யாரும் திரும்பி வந்ததில்லை. கிழக்குத் தாம்பரத்தில் ரத்தினபாய் என்றால் அப்படி ஒரு பேர். அதனால்தான் தம்பி எட்மண்ட் என்னிடம் துணி கேட்டான்.

எண்பத்தேழாம் வருஷம். குரோம்பேட்டையில் ஒரு மரப்பட்டறையில் நாற்காலி செய்துகொண்டிருந்தவன், லீவு நாளெல்லாம் வீட்டில் உட்கார்ந்து ஒரு கிடார் செய்தான். எட்டு மாதம். அதைப் பெங்களூரில் கொண்டுபோய்க் காட்டினால் கிடார் செய்கிற இடத்தில் வேலை. வேலை கிடைத்தால், அவன் ஆசைப்பட்ட புஷ்பத்தோடு கல்யாணம். ஈஸ்டர் முடிந்ததும் வரச் சொல்லியிருந்தார்கள். வார்னிஷ் மட்டும்தான் பாக்கி.

வார்னிஷுக்கு முன்னால் மரத்தைத் தயார் செய்வது பெரிய வேலை. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பான். ஈரத்துணியால் ஒற்றுவான், படுத்திருந்த நார் எழுந்து நிற்கும். காய்ந்ததும் மறுபடி தேய்ப்பான். கடைசியில் தூசியைத் துடைக்க வேண்டும்.

"அக்கா, பிசிறு இல்லாத துணியா ஒண்ணு குடேன்."

கொடுத்தேன். தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டு, இஸ்திரி போட்டு மடித்துக் கொடுத்தேன். கோபமெல்லாம் இல்லை. அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. என்னைப் பெண் கேட்டு வந்தவர்களை அவனுக்காகத்தான் வேண்டாம் என்றேன். பயணம் ஒரு வாரம் தள்ளிப்போனால் போதும் என்றுதான் நினைத்தேன்.

நாலு நாளாகியும் வார்னிஷ் காயவில்லை. விரல் வைத்தால் ஒட்டியது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, முதலிலிருந்து தேய்த்தான். வேறு துணி கேட்டான். அதிலும் நாலு சொட்டு விட்டுக் கொடுத்தேன்.

அதுவும் காயாதபோது, பட்டறையில் பாலிஷ் போடும் ஏகநாதன் வந்து பார்த்தார்.

"இன்னா எட்மண்டு, கையா இது, எண்ணெய்ச் செக்கா? சில பேர் கை அப்படித்தான்பா. வேர்வை வந்துகினே இருக்கும். மரம் ஏத்துக்காது."

"நான் செஞ்ச நாற்காலியெல்லாம் காஞ்சுதேண்ணா."

"அதுக்குப் பாலிஷ் போட்டது யாரு? நானாச்சே."

நான் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கேயே சொல்லியிருக்கலாம். "சர்க்கரை போதுமாண்ணா?" என்று கேட்டேன்.

அவர் போனபின் எட்மண்ட் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அக்கா, எனக்குக் கிளவுஸ் மாதிரி தைச்சுக் குடு" என்றான். வெள்ளைத் துணியில், விரல் விரலாக அளவெடுத்துத் தைத்தேன். அளவெடுக்கும்போது அவன் கை உலர்ந்துதான் இருந்தது. துணியின் விரல் நுனிகளில் எண்ணெய் வைத்தேன்.

மூன்றாம் தடவையும் காயவில்லை. கையுறையைத் தாண்டியும் தன் கை மரத்தைக் கெடுக்கிறது என்று முடிவு செய்துவிட்டான். பெங்களூருக்குப் போகவில்லை. பட்டறையையும் விட்டான். "என் கை ஆகாத கை, வேற யாரையாவது பாத்துக்கோ" என்று புஷ்பத்திடம் சொன்னான். அவள் அழுதுகொண்டு என்னிடம்தான் வந்தாள். புத்தி சொல்லி அனுப்பினேன்.

பத்து வருஷமாகிறது. சர்ச் ஆராதனையில் அப்பத்தைக் கையில் வாங்க மாட்டான். பாதிரி ஐயர்தான் வாயில் வைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தை தாவினால் பின்வாங்குகிறான். இப்போதாவது சொல்லக் கூடாதா என்பீர்கள். சொன்னால் அவன் தாங்க மாட்டான். சோற்றைப் பிசைந்து, ஸ்பூன் போட்டு, நான்தான் கொடுக்கிறேன். என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.