பேராசிரியர் லூர்துநாதனின் முழங்கால்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, முழங்காலைப் பிடித்துக்கொண்டே பஸ் ஏறி வந்திருக்கும் பெரியவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திருமதி இருதயம்மாள் அவர்களே, வணக்கம்.

மருந்தியல் பேராசிரியர் லூர்துநாதன் போன வாரம் மாரடைப்பில் போய்விட்டார். அவரோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த பவானி நான். புகழ்ந்து பேசத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் மனம் கலங்கிப் போய் நிற்கிறேன்.

அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்டது ஒரே கேள்வி. மூட்டு வலிக்கு விழுங்கும் மாத்திரை மூட்டுக்குள் எங்கே போகிறது, எவ்வளவு போகிறது? வீங்கிய மூட்டைச் சுற்றியுள்ள சவ்வில் இரத்தக் குழாய்கள் நிறைய. மருந்து அங்கே சுலபமாகச் சேரும். இரத்தத்தில் அதன் அளவு குறைந்த பிறகும் மூட்டு நீரில் கொஞ்ச நேரம் தங்கி நிற்கும். ஆனால் தேய்கிற குருத்தெலும்புக்கு இரத்தக் குழாயே கிடையாது! அதற்குள் எவ்வளவு ஊறுகிறது? அது தெரியாமலேயே மருந்துக் கடையில் 'ஒரு செட் குடுங்க' என்று கலந்து கட்டிய மாத்திரைகளை வாங்கி, வலி நிற்காவிட்டால் இன்னொரு செட்டையும் விழுங்கி, வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துக்கொண்டவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை பேர்! "மூட்டுக்குப் போய்ச் சேராத மருந்துக்கு ஏன்யா கிட்னியக் குடுக்குறீக?" என்று சந்தையில் நின்றே சண்டை போடுவார்.

மூட்டு மாற்று அறுவையில் வெட்டி எறியும் துண்டுகளை நோயாளிகளிடம் கேட்டு வாங்கி அளந்தோம். கேட்டு என்பதை அழுத்திச் சொல்கிறேன். மேகமலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்த சோணையம்மாள், தன் துண்டைக் கொடுத்துவிட்டு, பிறகு மனசு கேட்காமல் மலையிறங்கி வந்தார். "ஐயா, என் எலும்பு எங்கனயோ கெடக்குன்னா சோறு எறங்கலைய்யா" என்றார். ஆய்வு கெடுமே என்று நாங்கள் முணுமுணுத்தோம். லூர்துநாதன் அதை ஐஸ் பெட்டியில் வைத்து, சின்னமனூரிலிருந்து அந்தக் கரடுமுரடுப் பாதையில் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். "மனசாரக் குடுத்தாக. இப்ப மனசு மாறிருச்சு. அம்புட்டுத்தான பவானி?" என்றார்.

போன தை மாதம் அவருக்கே முழங்கால் அறுவை. மற்றவர்கள் எதை எப்போது விழுங்கினார்கள் என்று நமக்குத் தெரியாது. இவரோ ஒரே மாத்திரையை நேரம் தவறாமல் சாப்பிட்டு, தன் குருத்தெலும்பைக் கொடுத்தார். எங்களிடம் இருப்பதிலேயே நம்பத்தக்க துண்டு அதுதான். அளக்கும் கருவி பழுதானதால் குளிர்பெட்டியில் காத்துக் கிடந்தது. "நானே செத்தாலும் அதை விட்டுறாதீக" என்று சிரித்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் மனைவி இருதயம்மாள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். "டாக்டரம்மா, அவுகளை முழுசா மண்ணுக்குக் குடுக்கலையே. அந்தக் காலுக்குத் தைலம் தேச்ச கையி இது. அந்தத் துண்டைத் தந்துருங்க."

அளப்பதென்றால் அரைத்துக் கரைக்க வேண்டும். திருப்பித் தர ஒன்றும் மிஞ்சாது. அவருடைய கையெழுத்து இருக்கிறதே, ஏன் தர வேண்டும் என்று இங்கேயே சிலர் கேட்டீர்கள். இருக்கிறது. நான் எதைக் கேட்பது? அவர் சிரித்துச் சொன்ன சொல்லையா? மேகமலைக்கு ஏறிப்போய்ச் செய்த காரியத்தையா?

அம்மா, நாளைக் காலை அதே ஐஸ் பெட்டியோடு கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறேன். இது சரிதானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவும் கூடும்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று வெறும் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. என் வலது முழங்காலும் தேய்ந்துவிட்டது. மேடை ஏறும்போது பார்த்திருப்பீர்கள். அறுவையைத் தள்ளிப் போட்டே வந்தேன். இனித் தள்ள மாட்டேன். அவர் சாப்பிட்ட அதே மாத்திரையை, அதே நேரத்தில் சாப்பிடப் போகிறேன். அவர் துண்டு இருந்த இடத்தில் என்னுடையது இருக்கும்.

என் வீட்டுக்காரரும் இங்கே உட்கார்ந்திருக்கிறார். பின்னால் திருப்பிக் கேட்காதீர்கள் என்று அவரிடம் நான் சொல்லப் போவதில்லை. ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகளே, அவர் வந்து கேட்டால் கொடுத்துவிடுங்கள்.