மூன்று கால் நாற்காலி

வந்தவன்: எனக்கு ஒண்ணும் அடிபடலை சார்... நாற்காலிக்குத்தான்...

அப்பா: பொண்ணு கேக்க வந்தியா, வீட்டை இடிக்க வந்தியா?

வந்தவன்: நீங்கதான் உக்காரச் சொன்னீங்க...

அப்பா: உக்காரச் சொன்னேன். உடைக்கச் சொன்னேனா?

அம்மா (சமையலறையிலிருந்து): என்னங்க சத்தம்?

அப்பா: ஒண்ணுமில்லம்மா! ...மெதுவாப் பேசு. அவ அப்பா வாங்கிக் குடுத்த இரும்பு நாற்காலி. எம்பொண்ணு உன்னத்தான் கட்டுவேன்னு ஒத்தைக் கால்ல நிக்கறா. நீ நாற்காலிய மூணு கால்ல நிக்க வச்சிட்டே. ஆமா, என்ன வேலைன்னு சொன்னே?

வந்தவன்: ஆய்வுக்கூடத்துல. விமான பாகமெல்லாம் ஏன் உடையுதுன்னு பாக்கறது.

அப்பா: பாக்கறதோட நிறுத்திக்கக் கூடாதா!

வந்தவன்: சார்... உடைஞ்ச இடத்தைப் பாருங்களேன். பளபளன்னு இருக்கற இந்த ஓரம் மட்டும்தான் இப்ப உடைஞ்சது. அது நான்தான்.

அப்பா: ஒத்துக்கிட்டியா!

வந்தவன்: மீதி முக்கால்வாசி துரு. பழைய விரிசல்.

அப்பா: பழசோ புதுசோ, உக்காந்தது நீ.

வந்தவன்: விரிசல் இருக்கறது தப்பில்ல சார். முன்னல்லாம் விரிசலே இருக்காதுன்னு நம்பி ஒரு பொருளைச் செய்வாங்க. இப்ப இருக்குன்னே வச்சுக்கிட்டு, எத்தனை காலம் தாங்கும்னு கணக்குப் போடறோம்.

அப்பா: இதைத்தான் நாங்க முப்பது வருஷமா குடும்பம்னு சொல்றோம்.

வந்தவன்: ஆனா... விரிசலுக்கு உள்ளே பச்சை பெயின்ட் இருக்கே?

அப்பா: நாற்காலியே பச்சைதானேப்பா!

வந்தவன்: உள்ளே எப்படிப் போச்சு? பெயின்ட் அடிக்கும்போதே விரிசல் வாயைப் பொளந்திருக்கு. அடிச்சவர் பாக்காம இருந்திருக்க முடியாது. வாசனைகூட இன்னும்... சார், அடிச்சது யாரு?

அப்பா: உஷ்!

வந்தவன்: சார்?

அப்பா: கத்தாதே. போன மழைக்காலத்துல, பல்பு மாட்ட ஏணி எடுங்கன்னா அவ. யாரு எடுக்கறது... இது மேலயே ஏறினேன். டக்குனு ஒரு சத்தம்... நீ வர்றேன்னதும் போன வாரம் பெயின்ட் அடிச்சு மறைச்சிட்டேன்.

வந்தவன்: தெரிஞ்சேவா என்னை இதுல உக்கார வச்சீங்க?

அப்பா: ஒல்லியா இருந்தே, தாங்கும்னு நெனச்சேன்... ஐயோ, வர்றா!

அம்மா: அடப்பாவமே! எங்கப்பா நாற்காலி! யாரு உடைச்சது?

அப்பா: அது... வந்து...

வந்தவன்: நான்தாம்மா. தொப்புன்னு உக்காந்துட்டேன். மன்னிச்சிடுங்க.

அம்மா: நீங்களா? பூரா நீங்கதானா?

வந்தவன்: பூரா நான்தான்... அம்மா, நான் கேக்க வந்ததுக்கு இனிமே பதில்...

அம்மா: பொண்ணு உங்களுக்குத்தான், மாப்பிள்ளை. ஏங்க, ஒரு வாரமா முழங்கையில ஒட்டியிருக்கே பச்சை பெயின்ட், அதை இப்பவாவது போய்க் கழுவுங்க.