பன்னிக்குள்ளயே நிக்கிற தோட்டா

— இது வேண்டாம் அண்ணாச்சி. பன்னிக்குள்ளயே நிக்கிற தோட்டா இருந்தாத் தாரும்.

— ரசலையா, போன மாசம் இதைத்தானே வாங்கிட்டுப் போனீரு? முழுக்கச் செம்பு பொதிஞ்சது. காட்டுப்பன்னி தோலெல்லாம் இதுக்கு ஒரு பொருட்டா ஓய்?

— பன்னி ஒரே வெடியில விழுந்துட்டு.

— பின்னே என்ன குறை? ஞானசிங் கடைச் சரக்குண்ணா சும்மாவா!

— அதைத் துளைச்சிட்டு அந்தப்பக்கம் போயிட்டு.

— போகும். செம்பு மூடினது நசுங்காதுல்லா. நுனியில ஈயம் உள்ளதுண்ணா, கேட்டீரா, உள்ள போனதும் சப்பையாகி அங்கனயே நிண்ணுரும். அண்ணைக்கு அது கைவசம் இல்ல. இதும் கொள்ளாம்ணு நாந்தான் எடுத்துத் தந்தேன்.

— ஆமா. நீருதான் தந்தீரு.

— என்ன ஓய், செத்த வீட்டுல இருந்து எழும்பி வந்தவன் மாதிரி பேசுகீரு?

— ஒண்ணுமில்ல. சரக்கைக் காட்டும்.

— இந்நா. கொல்லத்துல இருந்து இப்பதான் வந்துது. நுனியில ஈயம் தெரியுதா?

— தெரியுது. இது நிக்குமா?

— எலும்புல பட்டா நிக்கும். வெறும் சதையில பட்டா சத்தியம் பண்ண ஏலாது. எந்தத் தோட்டாவானாலும் பின்னால மண்ணு வேணும். உம்ம கிழங்கு விளை மலையடிவாரம்தானே? மேட்டைப் பாத்துச் சுடும், மண்ணு வாங்கிக்கிடும்.

— மேட்டுல ஆளு நிக்கும். அங்க நிண்ணு தகரம் தட்டினாத்தான் பன்னி கீழ என் பக்கமா ஓடி வரும்.

— கர்த்தாவே! ஆளு நிக்கிற பக்கமா சுடுகீரு?

— மரச்சீனி ஆளுயரம் நிக்கி. கண்ணுக்குத் தெரியாது. தகரச் சத்தத்தை வச்சு, ஆளு ஒதுங்கித்தான் நிக்கிண்ணு கணக்காக்குவேன்.

— நல்ல கணக்கு! யாரு ஓய் தகரம் தட்டுகது?

— மவ குளோரி. நான் தட்டுகேன் அப்பாண்ணு சொல்லிட்டா. மிச்ச மரச்சீனிக் கிழங்கையும் பன்னி தோண்டித் தின்னா வருசம் முழுக்கப் பட்டினிதான்.

— சின்னப் பிள்ளையையா? உம்ம வீட்டுக்காரி பூங்கனி தட்டுவாளே ஓய், எப்பவும்?

— அண்ணைக்கும் அவதான் தட்டினா. வெடி போட்டதும் சத்தம் நிண்ணுட்டு. பன்னி விழுந்ததைக் கண்டு நிறுத்திட்டாண்ணு நெனச்சேன். பன்னியை வாய்க்கால் வரைக்கும் இழுத்துப் போட்டுட்டு, வெட்டுகதுக்குக் கத்தி எடுத்துட்டு வாட்டீண்ணு அவளைத்தான் விளிச்சிட்டே இருந்தேன், அண்ணாச்சி.