டவர் கிடைக்கும் வளைவு

திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறும் பேருந்தில், எம்.பி.ஏ. படிக்கும் பெண் ஒருத்தி நடத்துநரிடம் கேட்டாள்:

"அண்ணா, அடுத்த வளைவுல நிறுத்துறீங்களா? அங்க மட்டுந்தான் டவர் கெடைக்கும். காலேஜுக்கு வந்த கம்பெனி எதுவும் என்ன எடுக்கல. இப்ப கடைசி கம்பெனி போன்ல கூப்புடுது."

"எவ்ளோ நேரமாவும்மா?"

"தெர்லண்ணா. அவுங்க விடுற வரைக்கும்."

நடத்துநர் விசிலடித்தார். வண்டி நின்றது. இன்ஜினும் அணைந்தது.

"யாரும் பேசாதீங்க. பொண்ணுக்கு இன்டர்வியூ."

ஓர் அம்மாள் தன் கோழிக்கூடையை முந்தானையால் மூடினாள். கோழிகளும் அடங்கின.

செல்போனில் ஆண்குரல் கேட்டது: "ரொம்ப அமைதியா இருக்கே. ரூம்ல தனியா இருக்கீங்களா?"

"இல்ல சார். பஸ்ல இருக்கேன். பஸ் நெறைய ஜனங்க. எனக்காகப் பேசாம இருக்காங்க."