அக்கா, பேனர மட்டும் விட்டுறாதீங்க

அதுலயும் அந்த டிவி நடுவரு சொன்னாரு பாருங்க, "பாட்டு நல்லா இருந்துச்சு, ஆனா ஆன்மா இல்ல"ன்னு! ஆன்மா இல்லையாமா! எதுல அளந்தாரு? ஆன்மா என்ன தேங்காயாங்க்கா, காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாத்து இருக்குது, இல்லீன்னு சொல்றதுக்கு?... அக்கா, உங்க பக்கத்து முனைய இன்னுங் கொஞ்சம் தூக்கிப் புடிங்க. போட்டாவுல நவ்யாவோட மூஞ்சி மடிஞ்சு போச்சு. ஆங்... அப்புடித்தான். விட்டுறாதீங்க.

ஊருல இருந்து வார ஒறம்பரையக் கூப்புட ஸ்டேசனுக்கு வந்த மனுசிகிட்டப் போயி பேனர நீட்டறாளேன்னு தப்பா நெனச்சுக்காதீங்க்கா. அன்னூர்ல இருந்து பதினோரு பேரு என்ற கூட வாரேன்னு சொன்னாங்க. காலையில பாத்தா ஒருத்தருக்குக் காதுகுத்து, ஒருத்தருக்கு மோட்டாரு ரிப்பேரு, தம்பிதுரை மாமா போனையே எடுக்கல. நான் ஒருத்தி பத்தடி பேனர எப்புடிப் புடிக்கறது? சென்னை வண்டி அரை மணி நேரம் லேட்டுன்னு இப்பத்தான் சொன்னாங்க. அதுவும் நல்லதுதான். பேசிட்டு இருக்கலாம்.

நடுவுல எதுக்குப் பழுப்பு டேப்புன்னு பாக்கறீங்ளா? அத ஏங் கேக்கறீங்க! சனிக்கெழமையே அடிச்சுப்போட்டேனுங்க. "இறுதிச் சுற்றுக்குள் நுழைந்த எங்கள் நவ்யாவே வருக"ன்னு. ஞாயித்துக்கெழம ராத்திரி அவளத் தூக்கி வெளிய போட்டுட்டாங்க. கடைக்காரரு, அடிச்சது அடிச்சதுதானுங்க அம்மணின்னுட்டாரு. அதான் "இறுதிச் சுற்றுக்குள் நுழைந்த" மேல டேப்ப ஒட்டிப்போட்டேன். "எங்கள் நவ்யாவே வருக". படிக்க நல்லாத்தான இருக்குது?

இருங்க, போன ஒரு தடவ பாத்துக்கறேன்... இல்ல. இன்னும் இல்ல. நல்லது.

'தங்கத் தொண்டை' பாப்பீங்ளாக்கா? டிவியில வருமே, ஞாயித்துக்கெழமையானா? என்னமோ சொல்ல வந்தீங்க... இருங்க, இத முடிச்சுக்கறேன். அஞ்சு பேரு மிச்சம் இருந்தாங்க. அஞ்சுல நாலு பேரு பைனலுக்கு. வெளிய போனவ எங்க நவ்யா. உள்ள போனவன் ஆருன்னு நெனைக்கறீங்க? ரூபன்!

ரூபனுக்கு வாரா வாரம் ஒரு சோகமுங்க்கா. மொத வாரம் அவங்கப்பாவுக்கு வேல போயிருச்சு. செரி, பாவம், ஒத்துக்கறேன். ரெண்டாவது வாரம் சைக்கிளக் காணம். மூணாவது வாரம் அவனுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுத்தவரு வேற ஊருக்கு மாத்தலாயிட்டாரு. மாத்தலுக்கெல்லாமா அழுவாங்க? போன வாரம் மைக்கப் புடிச்சுட்டு, "எங்க ஊட்டுக் கோழி நாலு நாளாக் காணங்க"ன்னு கண்ணத் தொடைக்கறான். கேமரா அப்புடியே மூஞ்சிகிட்டப் போகுது. பின்னால வயலினு! கோழிக்கு வயலினுங்க்கா! என்ற அம்மா பாத்துட்டு அழுகறாங்க. எங்க ஊட்டு அடுப்புல கோழிக்கொழம்பு கொதிக்குது, அதக் கிண்டிட்டே அழுகறாங்க! நான் கேட்டேன், ஏம்மா, இந்தக் கோழிக்கு ஆரும்மா அழுவான்னு. கரண்டிய ஓங்கிட்டு வந்துட்டாங்க.

அப்பறம் மிதுன்னு ஒருத்தன். கிட்டாரக் கழுத்துல மாட்டிட்டு வாரான். ஒம்பது வாரமா வாரான். அந்தக் கிட்டாரு இன்னைக்கு வரைக்கும் ஒரு சத்தம் போட்டதில்ல. தாலிக்கொடி மாதர சும்மா தொங்குது. ரவிதேஜான்னு இன்னொருத்தன், கூலிங் கிளாஸ் போட்டுட்டு இருட்டுல நிக்கறான், அவனுக்கு மேடை எந்தப் பக்கம் முடியுதுன்னே தெரியல. போன மாசம் விழப் பாத்தானே! சஃபியாவ மட்டும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேனுங்க. அந்தப் புள்ள பாடுச்சுன்னா முறுக்கு மென்னுட்டு இருக்கற வாயி அப்புடியே நின்னுரும். நாயம்னு ஒண்ணு இருக்குதில்ல.

நான் எப்பவும் நாயத்துக்காகத்தானுங்க்கா பேசுவேன். என்ற பேரு புவனா. யுனிவர்சிட்டில எம்.ஏ. பண்றேன். பேச்சுப்போட்டின்னு எங்க வெச்சாலும் போயிருவேன். எந்தப் பக்கம் குடுத்தாலும் பேசுவேன். போன வருசம், கைப்பேசி நல்லதுன்னு பேசிக் காலையில ஒரு கப்பு, கெட்டதுன்னு பேசி மத்தியானம் ஒரு கப்பு. எங்கப்பா சொல்லுவாரு, இவளுக்கு மாப்ள பாக்க வேண்டாம், எதிர்க்கட்சி பாத்தாப் போதும்னு.

நவ்யா அப்புடியில்லீங்க. வாயே தொறக்க மாட்டா. பாடத்தான் தொறப்பா. ஆறாவதுல இருந்து ஒண்ணாப் படிக்கறோம். அவங்கப்பா பாலகோபால் மாமா அன்னூர்ல பம்புசெட்டு சாமானம் விக்கறாரு. காந்திபுரம் போற பஸ்ஸுல அவ லேசா முனக ஆரம்பிச்சாப் போதும், கண்டக்டரு டேப்புப் பாட்ட நிறுத்திப்போடுவாரு. ஒரு தடவ கோவில்பாளையத்துல எறங்க வேண்டியவங்க நாலு பேரு, பாட்டுல எறங்க மறந்து கணபதி வரைக்கும் வந்துட்டாங்க. அவ பாட்டுக்கு ஆன்மா இல்லையாமா! அந்த நடுவரக் கொண்டாந்து அந்த பஸ்ஸுல ஏத்தணும்.

இருங்க... இல்ல. இன்னும் பாக்கல. திருப்பூர்ல சிக்னல் கெடைக்காதுங்ளா அக்கா? கெடைக்குமா? செரி.

ஓட்டா? அதத்தான் சொல்ல வாரேன். நடுவரு பாதி, சனங்க ஓட்டுப் பாதி. ஒரு போனுக்கு அஞ்சு ஓட்டு. அஞ்சையும் ஒருத்தருக்கே போடலாம், பிரிச்சும் போடலாம். அதுக்குன்னே நான் ஒரு வாட்ஸப் குரூப்பு ஆரம்பிச்சேன், "நம்மூரு நவ்யா"ன்னு. நானூத்திப் பத்து பேரு! கோவிந்தராஜுலு தாத்தாவுக்கு பட்டன் போனு, அவரே பேரனோட பழைய டச்சு போன வாங்கிட்டு வந்து சேந்தாரு. நானூத்திப் பத்தை அஞ்சால பெருக்குங்க. ரெண்டாயிரத்து அம்பது! அவ ரூபன்கிட்டத் தோத்தது எத்தனையிலன்னு நெனைக்கறீங்க? எரநூத்திப் பன்னெண்டு. எரநூத்திப் பன்னெண்டுங்க்கா!

அப்ப ஓட்டெல்லாம் எங்க போச்சுன்னு கேக்கறீங்ளா? கேக்கலியா? உங்க மூஞ்சி கேக்குது.

ஊருக்காரங்க பிரிச்சுப் போட்டுட்டாங்க. ஆமாங்க. அஞ்சு ஓட்டு, அஞ்சு பேரு, ஆளுக்கு ஒண்ணு. நவ்யாவுக்கு ஒண்ணு, ரூபனுக்கு ஒண்ணு, அந்த சத்தம் போடாத கிட்டாருக்கும் ஒண்ணு! ஒலகத்துல எந்த ஊர்லயாச்சும் இப்புடி நடக்குமா? வேற ஊர்ல தகராறு பண்ணிட்டாச்சும் நம்ம புள்ளைக்குப் போடுவாங்க. எங்க ஊர்ல மருவாதி பாக்கறாங்க! மருவாதி! எலக்சன்ல இப்புடிப் போட முடிஞ்சா எல்லாக் கட்சிக்கும் ஒவ்வொண்ணு போட்டுட்டு வந்துருவாங்க, மனசு நோகக்கூடாதுன்னு!

ஏன் அப்புடிப் போட்டாங்களா?... குரூப்புல ஆரோ எழுதுனதப் படிச்சுட்டுத்தான். ஆரோ. கொஞ்சம் பெருசா. பதினாலு பாராவுல.

பேனரு எறங்குதுங்க்கா. தூக்கிக்கங்க.

புதங்கெழம தம்பிதுரை மாமா குரூப்புல போட்டாரு: "எல்லாரும் அஞ்சு ஓட்டும் நம்ம நவ்யாவுக்கே போடோணும்." அவ்வளவுதான், ஒரே வரி. அவரு எண்ணெய் மில்லு வெச்சிருக்காரு. எப்பவும் இப்புடித்தான், ஆர்டரு போடறாப்ல பேசுவாரு. கோயில் நோம்பிக்குக் கூட, எல்லாரும் மஞ்சச் சட்டை போடோணும்னு சொல்லிப்போட்டு அவரு வெள்ளையில வருவாரு. எனக்கு அந்த "போடோணும்" சுருக்குன்னு ஏறிருச்சு. அது எப்புடி, கேக்காமக் கொள்ளாம ஒருத்தர் சொல்றது? அதான்... எழுதிப்போட்டேன்.

ஆமாங்க. நாந்தான். அப்புடிப் பாக்காதீங்க்கா.

என்ன எழுதுனேனா? "ஊட்டுக்கு அஞ்சு ஒறம்பரை வந்தா, சொந்தத்துக்கு மட்டும் எலை போட்டுட்டு மத்த நாலு பேர வாயப் பாக்க உடுவீங்களா? இதுதான் அன்னூர்க்காரங்க பழக்கமா?"ன்னு கேட்டேன். மத்த பதிமூணு பாராவ ஆரும் படிக்கல. இது போதும்னு ஆயிருச்சு. அப்பறம் மாசாணியம்மாள் அத்தை எழுதறாங்க, "நீ சொல்றது ரைட்டு கண்ணு. கோழி காணாமப் போன பையனும் பாவந்தான்"னு. அதுக்கு நூத்தியெண்பது பேரு கும்புடு போடறாங்க. ஆளுக்கொண்ணு போட்டுட்டு, போட்டதுக்கு போட்டோவும் அனுப்பறாங்க! தம்பிதுரை மாமா "செரி"ன்னு ஒரே வார்த்தை போட்டுட்டு அடங்கிட்டாரு. அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோசம்! அவர ஊர்ல இதுக்கு முன்னாடி ஒருத்தரும் வாயடச்சதில்லீங்க்கா.

அவரு சொன்னது செரிதான். இப்பத் தெரியுது. அவரு சொன்னாருங்கறதுனாலதான் எதுத்தேன். அவரு மட்டும் "ஆளுக்கொண்ணு போடுங்க"ன்னு சொல்லியிருந்தார்னா, "அஞ்சும் நம்ம நவ்யாவுக்கே"ன்னு நான் இதவிட நல்லா எழுதியிருப்பேன்! பதினெட்டு பாரா!

நானா? நானும் ஆளுக்கொண்ணுதான் போட்டேன். எழுதிப்போட்டு மாத்திப் போட முடியுங்ளா? கொள்கைன்னு ஒண்ணு வேண்டாமா?

சொன்னா நம்ப மாட்டீங்க, அவ மேடையில அழுதுட்டே சொன்னா, "எங்க ஊருக்காரங்க அஞ்சு ஓட்டும் எனக்கேதான் போட்டிருப்பாங்க. என்ற ப்ரெண்டு புவனா பாத்துட்டிருப்பா. அவகிட்ட எப்புடி மூஞ்சியக் காட்டுவேன்"னு. என்ற கிட்டயாம்! என்ற அம்மா என்னையத் திரும்பிப் பாத்தாங்க. கரண்டி கூட எடுக்கல. வெறும் பார்வதான்.

அவளும் அந்தக் குரூப்புல இருக்கா. நாந்தான் சேத்தேன். இத்தன நாளும் அவ போன அங்க வாங்கி வெச்சிருந்தாங்க. இன்னைக்குக் காலையில வண்டியேறுறப்பத்தான் கையில குடுத்தாங்களாமா. மெசேஜு போட்டு அஞ்சு நாளாச்சு, இனி அழிக்கவும் முடியாது. அதான் ஆரு ஆரு படிச்சிருக்காங்கன்னு நிமிசத்துக்கு ஒருக்காப் பாத்துட்டே இருக்கேன். அவ தூங்கிட்டு வந்தாள்னா தப்பிச்சேன். நானே பக்குவமாச் சொல்லிக்குவேன்...

அய்யோ. அக்கா. அக்கா! அவ பேருகிட்ட டிக்கு நீலக்கலர் ஆயிருச்சு. படிச்சுட்டா. இங்க பக்கத்துல பீளமேடு வரைக்கும் வந்துட்டுப் படிச்சுட்டா! அங்க பாருங்க, வண்டி வேற வருது. பேனர இன்னும் மேல தூக்குங்க, தலைக்கு மேல, நான் பின்னால நின்னுக்கறேன்.

என்னுங்க? இப்ப என்ன சொல்றீங்க?... தாராபுரத்துல இருந்தா?... நீங்க, மாமா, மருமக, மூணு போனுலயும் அஞ்சு அஞ்சு, எல்லாம் நவ்யாவுக்கேவா? நீங்க வந்ததே அவளப் பாக்கத்தானா? அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? ...நான் பேச உட்டனாங்கறீங்ளா. அதுஞ் செரிதான். அப்ப எங்க ஊரு நானூத்திப் பத்து பேரு போட்டதும் ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு போச்சு. உங்க ஒரு ஊட்டு ஓட்டுதான் அவளுக்கு நெசமாச் சேந்துச்சு, இல்லீங்ளா?

அக்கா, எங்க போறீங்க? கோவமா? அக்கா, பேனர விட்டுறாதீங்க... அக்கா!

அட, விட்டுட்டாங்க. மேலயே விழுகுது. டேப்பு வேற தலமுடியில ஒட்டிக்கிச்சு...

வா நவ்யா. எப்ப எறங்குன? ஏங் கண்ணு சிரிக்கற? இல்ல, சிரிக்காத, திட்டு. திட்டீரு, நான் ஒண்ணும் சொல்லல. வாயே தொறக்க மாட்டேன்.

ஆனா திட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பாயிண்டு மட்டும் கேட்டுக்க. இதுல ரெண்டு பக்கமும் இருக்குது...