ராட்டர்டாம் நாகத்தின் தேநீர் வண்டி

கைக்கடிகாரத்தைக் கழற்றி என் முன்னே வைத்துவிட்டு, "பதினஞ்சே நிமிஷம், நோரீன்" என்று கண்ணாலேயே எச்சரித்துக்கொண்டிருக்கும் அவைத்தலைவர் ராஸ்லின் டிப்ஸ் அவர்களே! காகித ஆலையின் பேரிரைச்சலுக்குக் காதைக் காவு கொடுத்துவிட்டு, இன்று என் பேச்சுக்காகக் காதுக்கருவி மாட்டி வந்திருக்கும் பெரியோர்களே! "ஞாயித்துக்கிழமை மத்தியானம் பூரா இந்தக் கொட்டகைக்குள்ள என்னதான் பண்றீங்க?" என்று அந்நாளில் கதவைத் தட்டிக் கேட்ட தாய்மார்களே! கேட்டும் பதில் சொல்லாமல் உள்ளே பதுங்கிய, இன்று நரைத்துப்போன கணினிக் கள்வர்களே! முதல் வரிசையின் நடுவில், மடியில் கைப்பையோடு, 'இவள் எதற்கு இத்தனை சத்தம் போடுகிறாள்' என்ற முகத்தோடு அமர்ந்திருக்கும் மெர்ல் ஓக்ஃபோர்ட் அம்மையார் அவர்களே! சோரல் முனைக் கணினி மன்றத்தின் நாற்பதாம் ஆண்டு விழாவில், உங்கள் அனைவருக்கும் நோரீன் ஹாட்லியின் நெஞ்சு நிறைந்த வணக்கம்!

நான் ஒரு திருடி.

என்ன, கைதட்டுகிறீர்கள்? அப்படியானால் இந்தக் கூடத்தில் திருடாத கை எத்தனை என்று எண்ணிப் பார்த்துவிடலாமா? வேண்டாம். எண்ணுவதற்குக்கூட ஆள் மிஞ்சாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து! ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் ஒரு புது கணினி விளையாட்டு வெளிவந்தால், கடல் தாண்டி நம் தாஸ்மேனியாவுக்கு வந்து சேர மூன்று மாதம். ஊரில் ஒரே கடை, கடையில் ஒரே பெட்டி. வாங்குபவர் ஒருவர், வாய் பார்த்து நிற்பவர் நாற்பது பேர். என்ன செய்வோம்? நகல் எடுத்தோம்! நாள் தவறாமல் எடுத்தோம்! நாணமே இல்லாமல் எடுத்தோம்!

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, இதே தகரக் கூரையின் கீழ் கூடுவோம். ஒரு கையில் பலகாரத் தட்டு, மறு கையில் பிளாப்பிப் பெட்டி. அந்த பிளாப்பித் தட்டின் ஓரத்தில் இன்னொரு வெட்டு வெட்டினால் பின்பக்கமும் வேலை செய்யும் அல்லவா? ஊரெல்லாம் கத்தரிக்கோலால் வெட்டியது. நானோ, ஆலையில் காகிதம் சரிபார்க்கும் பிரிவில் இருந்தவள். அங்கிருந்த துளைக்கருவியைக் கைப்பைக்குள் கடத்திக்கொண்டு வந்து, க்ளிக், க்ளிக் என்று ஒரே அளவாகத் துளைத்துத் தள்ளினேன். அப்படி ஒரு தொழில் நேர்த்தி!

எங்களிடம் ஒரு சட்டம் இருந்தது. யாரிடமும் இல்லாத ஒரு புது விளையாட்டைக் கொண்டு வந்தால், மேசையில் உள்ள அத்தனையையும் நகல் எடுத்துக்கொள்ளலாம். கொண்டு வந்தது தகுமா தகாதா என்று தீர்ப்புச் சொல்ல வாசலில் ஒரு மகாராணி உட்கார்ந்திருந்தாள். அடியேன்தான்.

அந்த வாசலுக்கு ஒரு ஜூன் மாத ஞாயிறு மெர்ல் வந்தார். ஆலையில் பதினேழு ஆண்டுகளாகத் தேநீர் வண்டி தள்ளிக்கொண்டிருந்தவர். மழைக்கோட்டுக்குள்ளிருந்து ஒரு தட்டை எடுத்து நீட்டினார்.

"என்ன மெர்ல், இது எந்த நாட்டுச் சரக்கு?"

"நாடெல்லாம் இல்லம்மா. நானே செஞ்சது. தேநீர் வண்டின்னு பேரு."

"நீங்களேவா? ஐயோ, வீட்டுச் சமையலெல்லாம் இங்க செல்லாது மெர்ல். நெசமான விளையாட்டுதான் வேணும்."

"ஒரு தடவ போட்டுப் பாரேன்."

"பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க பாருங்க. வர்ற மாசம் பாப்போம்."

போட்டுப் பார்த்தேனா? இல்லை! தொட்டாவது பார்த்தேனா? இல்லை! அவர் கொண்டு வந்த இறைச்சி அடையை மட்டும் வாங்கி உள்ளே வைத்துவிட்டு, அவரை மழையில் திருப்பி அனுப்பினேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த மாதமும் வந்தார். மறுபடி ஒரு தட்டு. "என் தங்கச்சி பையன் கப்பல்ல வேலை பாக்கறான், கொண்டாந்தான்" என்றார். கணினியில் போட்டோம். அடடா! திரை முழுக்க நட்சத்திரம்! 'ஓரியன் சிறை' என்று தலைப்பு! அதன் கீழே ஒளிவிட்டு ஓடியது ஒரு வரி: பூட்டை உடைத்தவன், ராட்டர்டாம் நாகம்!

யாரும் நகல் எடுக்காதபடி விளையாட்டுக்கு விற்பவன் பூட்டுப் போடுவான். பூட்டை உடைத்தவன் முதல் திரையில் தன் பட்டப்பெயரைப் பொறிப்பான். செய்தவனின் பெயரை யார் படித்தது? உடைத்தவனின் பெயரைத்தானே உச்சி குளிரப் படித்தோம்! ஐரோப்பாவின் ராட்டர்டாம் துறைமுகத்துச் சரக்கு என்றதும் ஒரே தள்ளுமுள்ளு. ஒரு மத்தியானத்தில் முப்பத்தேழு நகல். துளைத்துத் துளைத்து என் கட்டைவிரல் வீங்கிவிட்டது.

விளையாட்டு என்ன? பன்னிரண்டு நிலையங்களுக்கு ஆற்றல் கலங்களைச் சுமந்து செல்ல வேண்டும். நேரமானால் கலம் குளிர்ந்துவிடும், ஆட்டம் முடிந்துவிடும். வங்கியில் வேலை பார்த்த ஜெஃப்ரி ஏழு முறை செத்தான். நானோ முதல் முறையிலேயே முடித்தேன்! இரண்டாவதாக முடித்தவரும் ஆலைக்காரர். மூன்றாவதும் ஆலைக்காரர். ஆலைக்காரர்களுக்கு அறிவு அதிகம் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

டிசம்பரில் ஒரு நாள், ஆலையில், மெர்ல் தேநீர் வண்டியை என் மேசையருகே நிறுத்திவிட்டு ஒரு கடிதத்தைக் கொடுத்தார். தன் 'தேநீர் வண்டி'யை மெல்போர்னில் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பியிருந்தார். வந்த பதில் என்ன தெரியுமா? 'இது ஐரோப்பிய விளையாட்டான ஓரியன் சிறையின் அப்பட்டமான திருட்டு. எங்கள் பிரதிநிதி உங்கள் ஊர் மன்றத்துக்கு வருகிறார். தக்க விளக்கம் தராவிட்டால் காவல்துறைக்குப் போவோம்.'

"ரெண்டும் நான் செஞ்சதுதான் நோரீன். கோப்பைய அழிச்சிட்டுக் கலம் வரைஞ்சேன், அவ்வளவுதான். நாகமும் கிடையாது, பாம்பும் கிடையாது. திருட்டுச் சரக்குன்னு சொன்னாத்தானே நீங்கல்லாம் தொடுவீங்க?"

அவையோரே! அப்போதுதான் எனக்கு உறைத்தது. குளிர்ந்துபோகும் கலம் எது? தேநீர்! பன்னிரண்டு நிலையம் எது? அவர் வண்டி நிற்கும் பன்னிரண்டு இடம்! முதல் முறையே நான் முடித்தது அறிவாலா? ஆலையின் நடைபாதையில் தினமும் நடந்த காலால்!

இரண்டாம் ஞாயிறு வந்தது. மெல்போர்ன்காரர் ஸ்டோக்ஸ் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் நம் வீரர்கள் என்ன செய்தார்கள்? லாமிங்டன் டப்பாக்களைக் கவிழ்த்து, அடியில் பிளாப்பிகளை அடுக்கி, மேலே தேங்காய்த்துருவல் தூவிய அந்தக் கேக்கைப் பரப்பி, தேவாலயத்துக்கு வந்தவர்கள்போல் அடக்கமாக நின்றார்கள். இன்றும் என் பழைய தட்டுகளில் தேங்காய்த்துருவல் இருக்கிறது!

மெர்ல் தன் குறிப்பேடுகளைக் காட்டினார். "இத யாரும் பாத்து எழுதலாமே, மேடம்" என்றார் ஸ்டோக்ஸ். "ஓரியன் சிறை இங்கேர்ந்துதான் கிளம்புச்சுன்னு யாராச்சும் சொல்வீங்களா?" எல்லோர் கண்ணும் லாமிங்டன் டப்பாக்கள் மேல். சொன்னால் திருட்டை ஒப்புக்கொள்ள வேண்டும். என் துளைக்கருவிக் கதை ஆலைக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால், செய்தவளுக்கே திருடிப் பட்டம். ஸ்டோக்ஸ் ஒரு லாமிங்டனை எடுக்கக் கை நீட்டினார்.

"அத எடுக்காதீங்க" என்று எழுந்தேன். "அடியில என் திருட்டு இருக்கு."

டப்பாவைக் கொட்டினேன். எல்லாத் தட்டிலும் ஒரே அளவுத் துளை, எல்லாத் துளையும் என் கைவேலை! "முதல் நகல் எடுத்தவ நான். எனக்குக் கொடுத்தது இவங்க. இவங்கதான் நாகம்! அந்தப் பன்னெண்டு நிலையமும் எங்க ஆலையில இவங்க வண்டி நிக்கிற இடம்!"

"வரைபடம் ஆலை மாதிரி இருக்குன்னு இப்ப யாரும் சொல்லலாம்" என்றார் ஸ்டோக்ஸ். விட்டேனா? வாசலில் மனைவிக்காகக் காத்திருந்த கெல்வின் பர்ஜஸை இழுத்து வந்து கணினி முன் உட்காரவைத்தேன். ஏழாம் இயந்திரத்துக்காரர். அதுவரை கணினியைக் கண்ணால்கூடக் கண்டதில்லை.

"ஏய் நோரீன், இந்தக் குச்சிய எப்படிப் பிடிக்கிறது?"

"கியர் மாதிரி பிடி. போ, தேநீர் ஊத்து."

போனார் கெல்வின்! "இங்க இடப்பக்கம்... வலப்பக்கம் போனா ஈரத்தரை, வழுக்கி விழுந்துருவ..." திரையில் வலப்பக்கம் அமிலக்குளம்! "இந்தக் கதவு இழுத்தாத் தெறக்காது, தள்ளணும்..." தள்ளினார், திறந்தது! ஒன்று, இரண்டு, ஐந்து, ஆறு! கூடமே மேசையைத் தட்டியது! ஸ்டோக்ஸ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"நில்லுங்க! எல்லா நிலையத்துக்கும் ஒரு கலம். ஏழுக்கு மட்டும் எதுக்கு ரெண்டு? மூணு மாசமா எங்க ஆபீஸ்ல யாருக்கும் புரியல."

ஒரே குரலில் வெடித்தது கூடம்: "கெல்வினுக்கு ரெண்டு கப்!"

என்ன கெல்வின், கை தூக்குகிறாய்? "இப்பவும் ரெண்டுதான்" என்கிறாயா? உட்கார், உட்கார்.

ஸ்டோக்ஸ் மெர்லின் கையைப் பற்றிக் குலுக்கினார். மன்னிப்புக் கேட்டார். எங்களை எந்தக் காவல்துறைக்கும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அவர் கடைசியாகச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "அருமையான விளையாட்டு, மேடம். ஆனா பெர்த் வரைக்கும் எல்லார் வீட்லயும் இருக்கே. இனிமே யார் வாங்குவா?"

யார் காரணம்? நாகமா? இல்லை, நான்! ஜூன் மாதம் அந்தத் தட்டை ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தால், அது அவர் பெயரோடு உலகம் சுற்றியிருக்கும். திரையில் ஓடிய பெயரை மதித்தேன், எதிரே நனைந்து நின்ற ஆளை மதிக்கவில்லை. திங்கட்கிழமை மெர்ல் வழக்கம்போல் வண்டி தள்ளி வந்தார். எனக்கும் ஊற்றினார். என்னால் குடிக்க முடியவில்லை.

மாதங்கள் ஓடின, ஆண்டுகள் ஓடின. இன்றும் எங்கோ யாரோ பழைய விளையாட்டுகளைத் தேடி எடுத்தால், அதில் ராட்டர்டாம் நாகம் வாழ்கிறது. விடலாமா? எழுபத்தொரு வயதில் அந்த ஒரு வரியை மாற்றக் கற்றுக்கொண்டேன். கற்று முடிக்க இரண்டு வருடம் பிடித்தது. ராஸ்லின், திரையைப் போடுங்கள்!

பாருங்கள்! நாகம் போயிற்று! நட்சத்திரம் போயிற்று! கோப்பை திரும்பிற்று! 'தேநீர் வண்டி. ஆக்கியவர், மெர்ல் ஓக்ஃபோர்ட், சோரல் முனை!' எழுந்து தட்டுங்கள், கூரை அதிரத் தட்டுங்கள்!

நேற்று அவர் வீட்டு வாசலுக்கு நான் போனேன். நாற்பது ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு கேள்வி கேட்டேன். "மெர்ல், இத நகல் எடுத்துக்கலாமா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்பவாச்சும் கேட்டியே. எடுத்துக்கோ. ஏழாம் நம்பருக்கு ரெண்டு, அத மட்டும் மாத்திடாத."

ஆகவே அன்பர்களே, அனுமதியோடு அழைக்கிறேன்! நகல் மேசை திறந்தாயிற்று! துளைக்கருவி இதோ! எடுங்கள், ஆளுக்கொன்று எடுங்கள், அயலாருக்கும் கொடுங்கள், ராட்டர்டாமுக்கே அனுப்புங்கள்! அன்று பெயரைத் தொலைத்தது இந்த மேசை. இன்று இதே மேசை அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும்!

என்ன மெர்ல்? உரக்கச் சொல்லுங்கள். "தேநீர் ஆறிப்போவுது, சீக்கிரம் முடி"யா?

முடித்துவிட்டேன், அம்மா. பொறுத்துக் கேட்ட தலைவருக்கும், திருடியும் திருந்தியும் வந்திருக்கும் உங்களுக்கும் நன்றி. எல்லோரும் எழுந்து வாருங்கள், சூடாக இருக்கிறது. கெல்வினுக்கு ரெண்டு கப் நானே ஊற்றுகிறேன். வணக்கம்!